மண்பாண்டம்னு பேர் வெச்ச பசங்களும் எங்க குடோன் பசங்களும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துல இருபத்தெட்டு வருஷமா மைக்செட் வெச்சு நடத்துறேன். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, மாதா தேர் எல்லாத்துக்கும் நம்ம செட்டுதான் போகும். உங்க பேப்பர தினமும் டீக்கடையில படிக்கிறவன், கடிதம்னு எழுதுறது இதுதான் முதல் தடவ.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒரு பெரியவர் எழுதியிருந்தார். கிறிஸ்தவக் கோயில்கள்ல கிட்டாரும் டிரம்ஸும் உள்ள வந்துருச்சு, இது பக்தியே இல்ல, வெறும் இரைச்சல், வெளிநாட்டுக் கூத்து, வெளிநாட்டுக்காரன பாத்து காப்பி அடிக்கிறாங்க, இந்தப் பசங்கள ஆரம்பத்துலயே தட்டி வைக்கணும்னு. எந்த ஊர் கோயில்னு அவர் சொல்லல, ஆனா படிச்ச உடனே எங்களுக்கு வெளங்கிருச்சு, ஏன்னா அந்தத் தேர்த்திருவிழாவுக்கு மைக்செட் போட்டவன் நான், அந்த மேடையில பேஸ் கிட்டார் வாசிச்சது என் அக்கா பொண்ணு. அந்தப் பெரியவர் மேல எனக்குக் கோவம் இல்லைங்க. அவர் காதுல விழுந்தது நிஜமாவே இரைச்சல்தான், அத நானும் ஒத்துக்குறேன். ஆனா அந்த இரைச்சல் எங்க இருந்து வந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அன்னிக்கு சாயந்திரம் நடந்தத சொல்றேன். தேர் கிளம்ப முன்னாடி ரெண்டு பாட்டு பாட பசங்களுக்கு அனுமதி கிடைச்சுது. வெளிய மேடை போடறதா இருந்துச்சு, மழ வர மாதிரி இருந்ததால கடைசி நேரத்துல பக்கத்துல இருக்கிற மண்டபத்துக்குள்ள மாத்திட்டாங்க. அந்த மண்டபம் சிமெண்டு தரை, நாலு பக்கமும் வெறும் சுவரு, மேல தகர சீட்டு. அந்த மாதிரி இடத்துல கை தட்டினாலே நாலு தடவ திரும்பி வரும். அங்க டிரம்ஸ வெச்சு அடிச்சா என்ன ஆகும், ஒவ்வொரு அடியும் தகரத்துல பட்டு, சுவத்துல பட்டு, அடுத்த அடி வரதுக்குள்ள முந்தின அடியோட எதிரொலி மேல வந்து விழும், பாடறவங்க வார்த்த ஒண்ணு கூட புரியாது. நான் வெளியில போடறதுக்குன்னு கொண்டு வந்த பெரிய பாக்ஸ அப்படியே உள்ள வெச்சுட்டேன், திருப்பி வைக்க நேரம் இல்ல. பாடற பையன் மைக்க எடுத்துட்டு முன்னாடி நடந்தான், பாக்ஸுக்கு நேரா வந்துட்டான், ஊளை விட்டுச்சு பாருங்க, குழந்தைங்க எல்லாம் காத பொத்திக்கிச்சு. முன்வரிசையில இருந்த பெரியவங்க எழுந்து போயிட்டாங்க. ரெண்டாவது பாட்ட பாதியிலயே நிறுத்தச் சொன்னாங்க. அந்த வாரமே கமிட்டி கூடி, இனிமே கோயில் வளாகத்துல டிரம்ஸ் கூடாது, பிராக்டிஸும் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.

அந்த ஊளை பசங்க தப்பு இல்லைங்க, செட்டு போட்டவன் தப்பு. அத எழுதத்தான் முதல்ல பேனா எடுத்தேன். எழுத எழுத, ஜார்ஸ் ஆஃப் கிளேன்னு ஒரு அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் குழுவோட கதையையும் சொல்லியே ஆகணும்னு தோணுச்சு, அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

1997ல, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, தருமபுரி மறைமாவட்டம் சேலத்துல இருந்து தனியா பிரிஞ்ச வருஷம் அது, பெங்களூர்ல படிச்சுட்டு வந்த ஒரு இளம் ஃபாதர் எங்க பக்கம் இருந்தார். நான் அப்ப ஒரு செட்டுல எடுபிடி. அவர் ஒரு கேசட் குடுத்தார், இதப் போட்டு உன் பாக்ஸ டெஸ்ட் பண்ணி பாரு தம்பி, அடி சத்தமும் தெரியும், கம்பி சத்தமும் தெரியும்னு. அப்பல்லாம் மைக்செட் தொழில்ல இருக்கிற எல்லார்கிட்டயும் ஒரு டெஸ்ட் கேசட் இருக்கும், செட்டு போட்ட உடனே முதல்ல ஓடுறது அதுதான், அந்தப் பாட்டு எப்படி கேக்கணும்னு நமக்கு மனப்பாடம், எங்க குறையுதோ அங்க திருகுவோம். எனக்கு அந்த கேசட்டுதான் ஏழெட்டு வருஷம் டெஸ்ட் கேசட். ஒரு ஆர்மோனிய பெட்டி கூட இல்லாத கிராமத்துல எல்லாம் அது ஓடியிருக்கு. மரக் கிட்டார் கம்பிய நகத்தால தட்டற சத்தம் தனியா கேக்கும், அடியில ஒரு டிரம்ஸ் சுத்திட்டே இருக்கும், நடுவுல வயலின் கூட்டமா வரும், ஒரு பாட்டுல சாமியார் மடத்துல பாடற மாதிரி லத்தீன் மாதிரி ஒரு கோரஸ் வரும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது, எல்லாத்துக்கும் இடம் இருக்கும். அது ராக் மியூசிக்னே எனக்கு ரொம்ப நாள் தெரியாது, ராக்னா சத்தம்னுதான் நானும் நெனச்சுட்டு இருந்தேன்.

அந்தக் குழுதான் நான் முன்னாடி சொன்ன ஜார்ஸ் ஆஃப் கிளே. தமிழ்ல சொன்னா மண்பாண்டங்கள். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாவது திருமுகம், 4வது அதிகாரம் 7வது வசனத்துல இருந்து எடுத்த பேரு. பொக்கிஷத்த மண்பாண்டத்துல வெச்சிருக்கோம், வல்லமை எங்களோடது இல்ல கடவுளோடதுன்னு வர்ற இடம். ஃபாதர் இத சொன்னப்ப எங்க தெருவுல இருந்த குயவர் வீடுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு, ஏரி களிமண்ண மிதிச்சு, சக்கரத்துல ஏத்தி, சூளையில வெச்சு, வெயில் காலம் வந்தா தண்ணிப் பானை வாங்க அங்கதான் போவோம், விரலால தட்டிப் பாப்போம், டங்குனு சத்தம் வந்தா நல்ல பானை, மொண்ணையா வந்தா விரிசல். பாட்டுக் குழுவுக்கு இப்படி ஒரு பேர் வைக்கலாமான்னு அப்ப ஆச்சரியமா இருந்துச்சு, ராஜா சிங்கம் புலின்னு வைக்காம, உடையற பொருள் பேர வெச்சிருக்காங்க.

அந்தப் பசங்க எங்க இருந்து வந்தாங்கன்னு பாத்தா, நியூயார்க்கும் இல்ல, லாஸ் ஏஞ்சல்ஸும் இல்ல. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல கிரீன்வில்னு ஒரு ஊரு, எங்க காவேரிப்பட்டணத்த விட சின்ன ஊரு, சுத்தி விவசாயம். அங்க ஒரு கிறிஸ்தவக் கல்லூரி, அந்தக் கல்லூரியில கிறிஸ்தவ இசைன்னே ஒரு படிப்பு, ரெக்கார்டிங்குக்கு ஒரு ஸ்டுடியோ. 1990களோட ஆரம்பத்துல அங்க படிச்ச டான் ஹேசல்டைன், சார்லி லோவெல், ஸ்டீவ் மேசன், மேட் பிரான்லீவி, இவங்க நாலு பேரும் சேந்து பாட்டு போட ஆரம்பிச்சாங்க. பெரிய குழு ஆகணும், உலகம் சுத்தணும்னு எல்லாம் ஆரம்பிக்கல, கல்லூரி ரெக்கார்டிங் வேலைக்காக பதிவு பண்ண ஆரம்பிச்சதுதான். ஹாஸ்டல் பசங்க கேட்டாங்க, நல்லா இருக்குன்னாங்க, இன்னும் ரெண்டு போடுங்கன்னாங்க.

1994ல ஒரு டெமோவ, அதாவது மாதிரிப் பதிவ, கோஸ்பல் மியூசிக் அசோசியேஷன்னு கிறிஸ்தவ இசைக்காரங்க சங்கம் நடத்தின புதுக் கலைஞர் போட்டிக்கு அனுப்பி வெச்சாங்க. தேர்வாகி நாஷ்வில் நகரத்துக்குப் போய் மேடையில வாசிச்சாங்க, ஜெயிச்சுட்டாங்க. ஃப்ரெயில்னு பேர் வெச்சு கொஞ்சம் டெமோ பிரதிகளும் போட்டு வித்தாங்க. போட்டியில ஜெயிச்ச பிறகு கம்பெனிக்காரங்க ஃபோன் மேல ஃபோன். இப்ப அந்தப் பசங்க முன்னாடி ஒரு முடிவு, படிப்ப முடிக்கிறதா, பாட்டுக்குப் போறதா. மூணு பேர் நாஷ்வில் கிளம்பிட்டாங்க. பிரான்லீவி மட்டும் இல்ல, நான் படிப்ப முடிக்கிறேன்னு நின்னுட்டார். அவரு இடத்துக்கு லோவெல்லோட பழைய சிநேகிதர் மேட் ஓட்மார்க் கிட்டார எடுத்துட்டு வந்து சேந்தார். நின்னு போன பிரான்லீவியும் வீணா போகல, பின்னாடி பேர் சொல்ற மாதிரி இசைத் தயாரிப்பாளர் ஆனார். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா நம்ம ஊர்ல பேண்டு வெச்ச பசங்கள பெத்தவங்களுக்கு இருக்கிற ஒரே பயம் இதுதான், படிப்பு போயிடும்னு. ஒருத்தன் போனான், ஒருத்தன் நின்னான், ரெண்டு பேரும் நல்லாத்தான் வந்தாங்க, நின்னவனுக்காக குழுவும் கலையல.

1995 அக்டோபர்ல எசென்ஷியல் ரெக்கார்ட்ஸ் கம்பெனி மூலமா முதல் ஆல்பம் வந்துச்சு, குழு பேருதான் ஆல்பத்துக்கும் பேரு. அதுல ரெண்டு பாட்ட மட்டும் ஏட்ரியன் பிலூ தயாரிச்சார். யாருன்னா, கிங் கிரிம்சன்னு பழைய பெரிய ராக் குழுவோட கிட்டார்காரர், அவரு அளவுக்கு கிட்டார்ல சத்தம் செஞ்சு பாத்தவங்க கம்மி. அந்த ரெண்டுல ஒண்ணுதான் ஃப்ளட். மழையும் வெள்ளமும், மூழ்கிட்டு இருக்கேன் தூக்கி விடுன்னு கடவுள கேக்கிற பாட்டு. 1996ல அது கிறிஸ்தவ ரேடியோவ தாண்டி, சாதாரண ராக் ரேடியோவுல ஓட ஆரம்பிச்சுது, கேட்டவங்க நிறைய பேருக்கு இது கிறிஸ்தவக் குழுன்னே தெரியாது. எந்தப் பாட்டு அதிகமா ஓடுதுன்னு அமெரிக்காவுல போடற பில்போர்டு முக்கிய பட்டியல்ல 37வது இடம் வரைக்கும் ஏறிச்சு. ஆல்பம் அமெரிக்காவுல மட்டும் 20 லட்சம் பிரதிக்கு போச்சு. அதுக்கப்பறம் 1997, 1999, 2002ன்னு வந்த ஆல்பங்களுக்கு மூணு கிராமி விருது.

இதுல நம்ம பசங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்த நாலு பேருல டிரம்ஸ்க்குன்னு ஒரு ஆளே கிடையாது. ரெண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு பாட்டுக்காரர், அவ்வளவுதான். அதனால முதல் ஆல்பத்துல மெஷின்ல சுத்த விட்ட டிரம்ஸ் லூப்பும் மரக் கிட்டாரும் வெச்சு சமாளிச்சாங்க, இல்லாததால வந்த அந்த சமாளிப்புதான் அவங்க அடையாளமே ஆயிடுச்சு. அந்த கேசட்டு என் பாக்ஸுல அவ்வளவு சுத்தமா கேட்டதுக்குக் காரணமும் அதுதான்னு பின்னாடிதான் புரிஞ்சுது. சத்தம் வேற, பாட்டு வேறைங்க. ராக் பாட்ட மெதுவாவும் பாடலாம், பஜனைய காது கிழியவும் போடலாம், ரெண்டையும் நான் என் செட்டுல பாத்திருக்கேன்.

எதிர்ப்பு அவங்களுக்கும் இருந்துச்சு. கோயில்ல பாட வேண்டியவங்க சாராயக்கடை மாதிரி கிளப்புல போய் வாசிக்கிறாங்களேன்னு ஒரு பக்கம், பாட்டுல இயேசு பேரு போதுமான அளவு வரலன்னு ஒரு பக்கம், இவனுங்க மதத்த பரப்ப வந்துட்டானுங்கன்னு ராக் கேக்கிற ஆளுங்க ஒரு பக்கம். ரெண்டு கட்சிக்கும் நடுவுல நின்னு, சர்ச்சுலயும் வாசிச்சாங்க, கிளப்புலயும் வாசிச்சாங்க. அத வெச்சுப் பாத்தா எங்க ஊர்ல ஒரு கமிட்டி வேண்டாம்னு சொன்னது ஒண்ணும் உலகத்துல நடக்காத விஷயம் இல்ல, அத பசங்ககிட்டயும் சொல்லியிருக்கேன், அழாதீங்கடான்னு.

அப்பறம் அந்தப் பெரியவர் எழுதின வெளிநாட்டுக் கூத்துங்கற வார்த்தைக்கு வரேன். ஐயா, உங்க கோயில்ல இன்னிக்கும் முன்னாடி உக்காந்து வாசிக்கிற ஆர்மோனியம் பிரான்ஸ்ல இருந்து வந்தது. நம்ம சங்கீதத்துக்கு ஒத்து வராதுன்னு ஆல் இந்தியா ரேடியோ அத 1940ல இருந்து 1971 வரைக்கும் தள்ளியே வெச்சிருந்துச்சு. வயலினும் மேற்க இருந்து வந்ததுதான், இன்னிக்கு அது இல்லாம கச்சேரி உண்டா? கத்தோலிக்கக் கோயில் பூசையான திருப்பலியே 1960கள் வரைக்கும் லத்தீன்ல, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்பறம்தான் தமிழ்ல ஆச்சு, அப்பவும் மனசு கஷ்டப்பட்டவங்க இருந்தாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவார். அதுக்கும் முன்னாடி போனா, கோயில்ல ஜெர்மன் மெட்டுல மொழிபெயர்த்த பாட்டு பாடிட்டு இருந்த காலத்துல தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் ராகத்துல கீர்த்தனை எழுதினார், அவர் 1864 வரைக்கும் வாழ்ந்தவர், இன்னிக்கு அந்தக் கீர்த்தனைகள்தான் நமக்குப் பழைய பாட்டு. மதுரை இறையியல் கல்லூரியில தியாபிலஸ் அப்பாவு ஐயா பறையையும் கிராமத்து மெட்டையும் ஆராதனைக்குள்ள கொண்டு வந்தார். நான் படிச்சவன் இல்ல, ஆனா வருஷா வருஷம் எல்லா சாமி கோயில்லயும் செட்டு போடறவன், எந்த வாத்தியமும் உள்ள வரும்போது புதுசுதான்னு எனக்குத் தெரியும்.

இப்ப எங்க பசங்களப் பத்தி. நாலு பேரு. என் அக்கா பொண்ணு பேஸ், அவ நர்சிங் படிக்கிறா. கிட்டார் வாசிக்கிற பையன் ஓசூர் சிப்காட்ல ஷிப்டு வேல, நைட் ஷிப்டு முடிச்சு காலையில பஸ் பிடிச்சு வந்து நேரா பிராக்டிஸுக்கு உக்காருவான். கீபோர்டு பையன் பாலிடெக்னிக், டிரம்ஸ் பையன் அப்பா கூட சேந்து மாங்கூழ் கம்பெனிக்கு லோடு ஏத்தப் போறவன். டிரம்ஸ் பெங்களூர்ல செகண்ட் ஹேண்டுல வாங்கினது, பஸ் மேல ஏத்த மாட்டேன்னு கண்டக்டர் சொல்லிட்டதால ரெண்டு பேர் மடியிலயும், காலடியிலயும் வெச்சு ஓசூர் வரைக்கும் கொண்டு வந்து, அங்க இருந்து மாங்கா வண்டியில ஏத்தி வந்தாங்க. கோயில்ல பிராக்டிஸ் கூடாதுன்னதுக்கு அப்பறம் என் குடோன்லதான் வாசிக்கிறாங்க. ஒரு பக்கம் என் பாக்ஸு, ஒயர் சுருள், சீரியல் லைட்டு, இன்னொரு பக்கம் இவங்க. சுவரு பூரா முட்டை அட்டை ஒட்டியிருக்கோம், கதவுக்குப் பின்னாடி பழைய கல்யாண பந்தல் துணிய நாலு மடிப்பா தொங்க விட்டிருக்கோம், டிரம்ஸுக்கு அடியில கிழிஞ்ச ஜமுக்காளம். முதல் நாள் கிட்டார தொட்டா கையில சுருக்குனு ஷாக்கு, பாக்ஸுல உம்முனு ஒரே ஹம்மிங், பாத்தா எர்த் குழி காஞ்சு கெடக்கு, நாலு குடம் தண்ணி ஊத்தி உப்பும் கரியும் போட்ட பிறகுதான் அடங்குச்சு.

முதல் ஆறு மாசம் கேக்க முடியாதுங்க, உண்மையச் சொல்லணும். டிரம்ஸ் பையன் பாட்டு ஏற ஏற வேகமா ஓடிருவான், பேஸ் பின்னாடி நிக்கும். நான் ஒரு நாள் அந்தப் பழைய கேசட்டுல இருந்த பாட்ட ஃபோன்ல எடுத்து பாக்ஸுல போட்டுக் காட்டினேன், இதுல டிரம்ஸ் எவ்வளவு கம்மியா அடிக்குது கேளுன்னு. பாப்பா, அதான் என் அக்கா பொண்ணு, கண்ண மூடிட்டு கேட்டா. மாமா, இது எந்த வருஷத்து பாட்டுன்னா. நீ பொறக்கறதுக்கு முன்னாடின்னேன். அன்னில இருந்து அவங்களும் அத டெஸ்ட் பாட்டா வெச்சிருக்காங்க, பிராக்டிஸுக்கு முன்னாடி ஒரு தடவ போட்டு கேட்டுட்டுத்தான் கிட்டார மாட்டுவாங்க.

ஆனா காப்பி அடிக்கலைங்க. அவங்க பாடறது அவங்க எழுதின தமிழ்ப் பாட்டு. அன்னிக்கு மண்டபத்துல யாருக்கும் வார்த்த புரியாம போன முதல் பாட்டு, பாப்பா எழுதினது. யோவான் நற்செய்தி நாலாவது அதிகாரத்துல சமாரியப் பொண்ணு மத்தியான வெயில்ல கிணத்துக்கு தண்ணி மொள்ள வருவா இல்ல, இயேசு அவகிட்ட குடிக்க தண்ணி கேப்பார், பேசி முடிச்ச உடனே அவ குடத்த அங்கயே போட்டுட்டு ஊருக்குள்ள ஓடுவா. அந்தக் குடத்தப் பத்தின பாட்டு அது. அந்தக் குடத்த யாரு எடுத்தாங்க, அது யாரு வீட்டு இடுப்புல ஏறிச்சுன்னு கேக்கிற பாட்டு. கடைசி சரணத்துல அந்தக் குடம் எங்க ஊரு குழாயடிக்கு வந்துரும், எங்க அம்மா மாதிரி ஒரு கிழவி கையில இருக்கும்.

எங்க அம்மா கதைய இங்க சொல்லித்தான் ஆகணும். தருமபுரி பக்கம் ஒரு கிராமத்துல பொறந்து, போர் தண்ணி குடிச்சே வளந்தவங்க. தண்ணியில ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம தாண்டக் கூடாதுன்னு அளவு இருக்கு, எங்க ரெண்டு மாவட்டத்துலயும் அத தாண்டின கிணறும் போரும் நிறைய. சின்ன வயசுல குடிச்சா பல்லுல பழுப்புக் கறை, எத்தன தேய்ச்சாலும் போகாது. வருஷக்கணக்கா குடிச்சா எலும்புல ஏறி முட்டி மடங்காது, முதுகு நிமிராது. எங்க அம்மா சிரிக்கும்போது கையால வாய மூடிட்டுத்தான் சிரிப்பாங்க, கல்யாண போட்டோவுல கூட வாய் மூடித்தான் இருக்கும், கடைசி பத்து வருஷம் குனிஞ்சே நடந்தாங்க. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2008ல அடிக்கல் போட்டு, ஜப்பான் கடன்ல, 1,928 கோடி ரூபா செலவுல கட்டி 2013ல திறந்தாங்க, அந்தத் தண்ணி எங்க வீட்டுக் குழாயில வந்தப்ப அம்மா இல்ல. பேத்தி அத பாட்டா எழுதியிருக்கா. இது வெளிநாட்டுக் கூத்தா ஐயா?

இதுல இன்னொரு விஷயம், இத படிச்சப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துருச்சு. அந்த ஜார்ஸ் ஆஃப் கிளே பசங்க பேர் வாங்கினதுக்கு அப்பறம் என்ன பண்ணாங்கன்னு பாப்பா ஒரு நாள் ஃபோன்ல தேடி படிச்சுக் காட்டினா. 2000களோட ஆரம்பத்துல பாட்டுக்காரர் ஹேசல்டைன் ஆப்பிரிக்கா போய், எய்ட்ஸ் நோயாளிங்க மாத்திரை முழுங்கக் கூட நல்ல தண்ணி இல்லாம இருக்கிறத பாத்துட்டு வந்தார். 2004ல, நம்ம கிருஷ்ணகிரி தருமபுரியில இருந்து தனி மாவட்டம் ஆன அதே வருஷம், பிளட் வாட்டர் மிஷன்னு ஒரு தொண்டு அமைப்ப ஆரம்பிச்சாங்க, அப்பதான் காலேஜ் முடிச்சிருந்த ஜீனா லீ நார்டெல்லாங்கற பொண்ணு கூட சேந்து. ரத்தமும் சுத்தமா இருக்கணும் தண்ணியும் சுத்தமா இருக்கணும்னு அந்தப் பேரு. ஒரு டாலர் குடுத்தா ஆப்பிரிக்காவுல ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு நல்ல தண்ணின்னு கச்சேரிக்கு வந்த பசங்ககிட்ட சொன்னாங்க, ஆயிரம் கிணறு திட்டம்னு பேர் வெச்சாங்க, 2010க்குள்ள ஆயிரம் ஊருக்கு தண்ணி கொண்டு போய் சேத்தாங்க. மழை வெள்ளம்னு பாடி பேர் வாங்கினவங்க தண்ணி குடுக்கப் போனாங்க. ஒரு கிளாஸ்ரூம் ரெக்கார்டிங்ல ஆரம்பிச்சது அங்க போய் நின்னுருக்கு.

அவங்க நம்ம பசங்கள விட பெரிய திறமைசாலின்னு நான் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு ஒரு கல்லூரி இருந்துச்சு, அந்தக் கல்லூரியில ஒரு அறை இருந்துச்சு, மோசமா வாசிக்கிற காலத்துல யாரும் வந்து பிளக்க பிடுங்கல. நம்ம பசங்களுக்கு ஆறு மாசம் வாசிக்க இடம் குடுத்துட்டு, முதல் மேடையில ஒரு ஊளை கேட்ட உடனே வெளிய அனுப்பிட்டோம். பானை சக்கரத்துல சுத்திட்டு இருக்கும்போதே தட்டிப் பாத்து, சத்தம் சரியில்லன்னு சொன்னா எப்படிங்க, அது இன்னும் சூளைக்கே போகலையே.

கமிட்டியில இருக்கிறவங்களுக்கு என் தொழில் அறிவுல இருந்து சொல்றேன். மண்டபத்துல வாசிக்கணும்னா பின் சுவத்துல கனமான துணி தொங்க விடுங்க, ஜனங்க உக்காரற இடத்துல ஜமுக்காளம் விரிங்க, பாதி எதிரொலி அதுலயே போயிடும். பாக்ஸ மேடைக்கு முன்னாடி, பாடறவங்களுக்கு முதுகு காட்டி வைக்கணும், பாடறவங்க அத தாண்டி முன்னாடி வரக் கூடாது, ஊளை வராது. டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம் அந்த மண்டபத்துக்கு, குச்சிக்கு பதிலா விளக்குமாத்து குச்சி மாதிரி கட்டா வர்ற குச்சி இருக்கு, அதால தட்டினா போதும். பாடறவங்க சத்தம் மேல நிக்கணும், மத்ததெல்லாம் அதுக்குக் கீழ. இத எல்லாம் நானே வந்து செய்யறேன், வாடகை வேண்டாம், அந்த மண்டபத்துலயே, அதே ரெண்டு பாட்டு, ஒரே ஒரு தடவ. அதுக்கப்பறமும் இரைச்சல்னு தோணினா நான் வாயத் திறக்க மாட்டேன்.

உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்டப் பக்கத்துல யாரு ஸ்டேட் ரேங்க், யாரு கபடியில கப்பு வாங்கினாங்கன்னு போடறீங்க, சந்தோஷம். சொந்தமா பாட்டு எழுதி வாசிக்கிற பசங்க தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ல எத்தனையோ குடோன்லயும் மாடியிலயும் இருக்காங்க, கிறிஸ்தவப் பசங்க மட்டும் இல்ல, எல்லாரும். அவங்களப் பத்தி மாசத்துல ஒரு தடவ நாலு வரி போட்டீங்கன்னா அவங்க வீட்டுல அத வெட்டி சுவத்துல ஒட்டுவாங்க, அப்பா அம்மாவோட பேச்சும் கொஞ்சம் மாறும்.

கடிதம் எழுதின அந்தப் பெரியவருக்கு, ஐயா, ஞாயித்துக்கிழம சாயந்திரம் அஞ்சு மணிக்கு எங்க குடோன்ல பிராக்டிஸ். பஸ் ஸ்டாண்டுல இறங்கி மைக்செட் குடோன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. முன்னாடி ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன், தண்ணி ஒகேனக்கல் தண்ணி, மண்பானையில ஊத்தி வெச்சிருப்போம். அந்தக் குடத்துப் பாட்ட ஒரு தடவ வார்த்த புரியற மாதிரி கேளுங்க, பேஸ் வாசிக்கிற பொண்ணுகிட்ட நேரா சொல்லுங்க, நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு, இல்லன்னா இல்லன்னு. அவ அத கேக்கத்தான் காத்துட்டு இருக்கா.

இப்படிக்கு,
மைக்செட் வாசகன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.